மேடைக்குக் கீழே நிற்கும் கொட்டு

கொட்டாம்பட்டி, மேலூர் பக்கம் ஊர்த் திருவிழா பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகத் தெரிந்திருக்கும். பகலில் சாமி புறப்பாட்டுக்கு முன்னால் பறையும் உறுமியும் அடித்துக்கொண்டு போவார்கள். உச்சி வெயிலில், வியர்வை சொட்டச் சொட்ட, தெருத்தெருவாக. ராத்திரி ஆனால் திடலில் மேடை போட்டு, சீரியல் லைட் கட்டி, இன்னிசைக் கச்சேரியோ ஆடல் பாடலோ நடக்கும். (ஆடல் பாடலுக்கு போலீஸ் அனுமதி கிடைக்காமல் மதுரை ஹைகோர்ட் வரைக்கும் போய் வாங்கி வருகிற ஊர்கள் உண்டு. அது தனிக் கதை!) கீபோர்டு மேடை ஏறும். கிடார் ஏறும். ரிதம் பேட் ஏறும். பகல் முழுக்கக் கை வலிக்க அடித்த ஆட்கள் மட்டும் பெரும்பாலும் கீழே நிற்பார்கள். கூட்டத்தோடு கூட்டமாகப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

இதற்கு யாரும் சட்டம் போடவில்லை. கீபோர்டு மேடைக்கு, கொட்டு தெருவுக்கு. அவ்வளவுதான், பழகிவிட்டது. பழகிப்போன எதையும் யாரும் கேள்வி கேட்பதில்லை.

அந்தக் கேள்வியை மைக் வைத்துக் கேட்ட ஒரு ராக் இசைக்குழு தமிழ்நாட்டில் உண்டு. தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ். கானா, ராப், ராக், பறை எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கிய குழு. கலக்கியது பெரிய விஷயமில்லை. கலக்கிய பிறகு யார் எங்கே நின்றார்கள் என்பதுதான் விஷயம். இந்தக் குழு ஜெயித்ததா இல்லையா என்பதையும் அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

சரி, முதலில் கதைச் சுருக்கம்.

2018 ஜனவரி 6, சென்னை கீழ்ப்பாக்கம், சி.எஸ்.ஐ. பெயின்ஸ் பள்ளி மைதானம். "அட்டகத்தி", "மெட்ராஸ்" படங்களை எடுத்த பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், டென்மா நடத்திய மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து 19 பேரை மேடை ஏற்றினார்கள். டென்மா ஏற்கெனவே கபேர் வாசுகியோடு சேர்ந்து "குரங்கன்" என்ற ராக் குழுவில் இருந்தவர். இந்த முறை அவரோடு நின்றவர்கள் வேறு மாதிரி ஆட்கள். வடசென்னையில் சாவு வீட்டிலும் தெருமுனையிலும் பாடிப் பழகிய கானாக்காரர்கள். கானா முத்து, இசைவாணி, அரக்கோணத்திலிருந்து வந்த அறிவு. டிரம்ஸும் பேஸ் கிடாரும் இருந்த அதே மேடையில் பறையும் சட்டியும் இருந்தன. எல்லோரும் கோட் சூட்! அம்பேத்கரை நினைவுபடுத்தும் உடை. கானா பாடுகிறவன் என்றால் லுங்கியும் கழுத்தில் கர்ச்சீப்புமாகத்தான் இருப்பான் என்று சினிமா சொல்லிக் கொடுத்திருந்ததல்லவா? அதற்குப் பாட்டு தொடங்கும் முன்னாலேயே பதில் வந்துவிட்டது.

பெயரும் சும்மா ஸ்டைலுக்கு வைத்ததில்லை. அயோத்திதாசப் பண்டிதர் (1845-1914) பயன்படுத்திய "சாதிபேதமற்ற" என்ற அடைமொழியிலிருந்து எடுத்தது. 1907இல் "ஒரு பைசாத் தமிழன்" என்று பத்திரிகை நடத்தியவர் அவர். நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு தமிழ்ச் சொல் ஆங்கில வேஷம் போட்டுக்கொண்டு ஒரு ராக் குழுவின் பெயராகத் திரும்பி வந்தது.

பாட்டுகளின் விஷயங்களும் நேரடியானவை. இட ஒதுக்கீடு பற்றி ஒரு பாட்டு, மாட்டுக்கறி பற்றி ஒரு பாட்டு, வடசென்னை பற்றி ஒன்று, ஜெய் பீம் என்று ஒன்று. சுற்றி வளைப்பதெல்லாம் கிடையாது.

கலப்பதில் இரண்டு வகை

இசையைக் கலப்பது இந்தியாவில் புதிதில்லை. டில்லியின் இந்தியன் ஓஷன் 1990இலிருந்து செய்கிறது. கேரளத்தின் அவியல் 2008இல் மலையாள நாட்டுப்புறப் பாட்டையும் ராக்கையும் சேர்த்து ஆல்பம் போட்டது. பெங்களூரின் அகம் கர்நாடக ராகத்தில் ராக் வாசிக்கிறது. எல்லாம் நல்ல குழுக்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் பொதுவாக ஃப்யூஷன் என்ற பெயரில் நடக்கிற பல கச்சேரிகளைக் கவனித்துப் பாருங்கள். கிடாரும் கீபோர்டும் பாட்டை நடத்தும். நடுவில் ஒரு நிமிஷம் பறையோ உடுக்கையோ வந்து அதிரடியாக அடித்துவிட்டுப் போகும். கைதட்டல் காது கிழியும். பிறகு பழையபடி கிடார். பிரியாணிக்குப் பக்கத்தில் வைக்கிற வெங்காயப் பச்சடி மாதிரி. இல்லாவிட்டாலும் பிரியாணி பிரியாணிதான்.

காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இதைத் திருப்பிப் போட்டது. அங்கே பாட்டை இழுத்துக்கொண்டு போவது கானாவின் தாளம். ராக் அதன் பின்னால் ஓடி வருகிறது. கேட்பதற்குச் சுலபமாக இருக்கும், செய்வது கஷ்டம். கிடாருக்கு ஒரு சின்ன ட்யூனர் இருந்தால் போதும், சுருதி சரியாகிவிடும். பறைக்குத் தீ மூட்டிக் காய்ச்ச வேண்டும். தோல் இளகினால் சத்தம் செத்துவிடும். ஒரு கையில் சுண்டுக்குச்சி, இன்னொரு கையில் அடிக்குச்சி. இரண்டும் தரும் சத்தம் வேறு வேறு. திறந்தவெளியில் தெருக்கோடிக்குக் கேட்க வேண்டும் என்று உருவான கருவி அது. மைக்குக்குப் பக்கத்தில் வைத்தால் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். கானாவும் அப்படித்தான். ஆள் நினைத்தால் வரியை நீட்டுவார், நினைத்தால் நிறுத்திவிட்டுப் பேசுவார். டிரம்ஸ்காரர் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணிக்கொண்டிருந்தால் கதை கந்தல்தான். யாராவது ஒருவர் தன் பழக்கத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். வழக்கமாக விட்டுக்கொடுப்பது பறைக்காரர். இங்கே டிரம்ஸ்காரரும் விட்டுக்கொடுத்தார்.

அதனால்தான் இந்தக் குழுவை வெறும் இசைப் பரிசோதனை என்று சொல்லிவிட்டுப் போக முடியாது.

ஜப்பானில் ஒரு உறவுக்காரர்

இதே மாதிரி ஒரு குழு ஜப்பானில் இருக்கிறது. பெயர் சோல் ஃபிளவர் யூனியன். 1993இல் தொடங்கியது. தலைவர் நகாகாவா தகாஷி. ராக் வாசித்துக்கொண்டிருந்த இவர்கள் ஒகினாவா தீவின் பாட்டு, ஐனு பழங்குடி இசை, அயர்லாந்து நாட்டுப்புற இசை என்று எதையெல்லாமோ சேர்த்தார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, சின்டோன். கடை திறப்பு விழாவுக்குத் தெருவில் மேளம் அடித்துக்கொண்டு விளம்பரம் செய்கிற கோஷ்டிகளின் இசை அது. நம்மூரில் ஜவுளிக்கடை திறப்புக்குக் கொட்டு அடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். படித்தவர்கள் "இசை" என்று மதிக்காத இசை.

1995 ஜனவரி 17 அன்று கோபே நகரத்தில் பெரிய பூகம்பம். 6,400 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். இந்தக் குழு இடிந்துபோன தெருக்களுக்கும் நிவாரண முகாம்களுக்கும் போய் வாசித்தது. கரண்ட் இல்லாத இடத்தில் எலக்ட்ரிக் கிடாரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மூன்று நரம்புள்ள ஒகினாவா சான்ஷின், சின்டோன் மேளம், பேசுவதற்கு ஒரு கை மெகாபோன். முகாமில் இருந்த கிழவன் கிழவிகளுக்குத் தெரிந்த பழைய பாட்டுகளைப் பாடினார்கள். அங்கே கொரிய வம்சாவளி மக்களும் நிறையப் பேர் இருந்ததால் கொரியப் பாட்டும் பாடினார்கள். அந்த நாட்களில்தான் "மங்கெட்சு நோ யூபே" (பௌர்ணமி மாலை) என்ற பாட்டு பிறந்தது. இன்னொரு ராக் குழுவைச் சேர்ந்த யமகுச்சி ஹிரோஷியும் நகாகாவாவும் சேர்ந்து எழுதியது. பிறகு ஜப்பானில் பலர் அதைத் திரும்பத் திரும்பப் பாடியிருக்கிறார்கள்.

கவனிக்க வேண்டியது ஒன்றுதான். அவர்களின் கலப்பை முழுமையாக்கியது ஸ்டூடியோ அல்ல. கேட்கிறவர்கள் இருந்த இடத்துக்கு அவர்கள் நடந்து போனார்கள். போன இடம் அவர்களின் இசையை மாற்றியது. இதைக் கடைசியில் மறுபடி பார்ப்போம்.

நற்பெயர் யாருடைய கணக்கில்?

பி.காம். படிக்கிற மக்களுக்கு இந்தப் பகுதி ஈசியாகப் புரியும். கூட்டாண்மைக் கணக்கில் நற்பெயர் என்று ஒன்று படிப்போமே, கண்ணுக்குத் தெரியாது, கையால் தொட முடியாது, ஆனால் மதிப்பு உண்டு. கூட்டாளி விலகல் என்று ஒரு முழுப் பாடமே இருக்கிறது. விலகுகிறவருக்கு நற்பெயரில் எவ்வளவு, இருக்கிறவர்களுக்கு ஆதாய விகிதம் எவ்வளவு என்று மண்டை காயும். 1932ஆம் வருஷக் கூட்டாண்மைச் சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. ஒப்பாவணம் எதுவும் இல்லாவிட்டால் லாபத்தைச் சமமாகப் பிரி!

19 பேர் ஒரே உடையில் நின்ற அந்த மேடை ஏறக்குறைய அந்தச் சட்டம் மாதிரிதான். யாரும் ஹீரோ இல்லை. எல்லோருக்கும் சம பங்கு.

ஆனால் சந்தைக்குக் குழு பிடிக்காது. முகம் பிடிக்கும். 2018லேயே "காலா" படத்துக்கு அறிவு பாட்டு எழுதினார். 2019இல் இசைத் தயாரிப்பாளர் ஆஃப்ரோவுடன் "தெருக்குரல்" ஆல்பம். 2020இல் இசைவாணி பி.பி.சி.யின் 100 பெண்கள் பட்டியலில் வந்தார். ஆம்பளைகளின் கோட்டையான கானாவில் ஒரு பெண், சும்மா இல்லை! 2021இல் "சார்பட்டா பரம்பரை" படத்தில் கானா முத்துவும் இசைவாணியும் பாடினார்கள். டென்மா 2022இல் "நட்சத்திரம் நகர்கிறது" படத்துக்கு இசையமைத்தார்.

இதில் எதுவும் தப்பில்லை. வாடகை கட்ட வேண்டும், குடும்பம் நடத்த வேண்டும். 19 பேர் உள்ள குழுவுக்கு ஒரு கச்சேரியில் வரும் பணத்தை 19ஆகப் பிரித்தால் கைக்கு என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட கால்குலேட்டர் தேவையில்லை. வருத்தம் வேறு. 19 பேர் சேர்ந்து உண்டாக்கிய நற்பெயர், சந்தைக்குப் போனதும் மூன்று நான்கு பெயர்களாகச் சுருங்கியது. பறை அடித்தவர், சட்டி அடித்தவர் பெயர்களை இன்று எத்தனை பேர் சொல்வார்கள்? குழுவின் ரசிகர்களே திணறுவார்கள்.

முகமாக ஆனவர்களுக்காவது எல்லாம் ஒழுங்காக நடந்ததா? அதுவும் இல்லை. 2021 மார்ச்சில் வந்த "என்ஜாய் எஞ்சாமி" நினைவிருக்கும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் திரும்பி வந்த தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையிலிருந்து அறிவு அதை உருவாக்கினார். தீயும் அறிவும் பாடினார்கள், சந்தோஷ் நாராயணன் தயாரித்தார், மாஜ்ஜா வெளியிட்டது. யூடியூபில் 40 கோடி பார்வைகளைத் தாண்டியது. அதே வருஷம் ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகை அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. பா. ரஞ்சித் பொதுவெளியில் கேள்வி கேட்டார். பிறகு அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமலேயே அந்தப் பாட்டு மேடையேறியது. யார் உருவாக்கியது என்று மறுபடி சண்டை. கடைசியில் 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே வீடியோ போட்டு, இந்தப் பாட்டிலிருந்து தங்கள் யாருக்கும் ஒரு பைசா வரவில்லை என்றார்.

40 கோடி பார்வை, கைக்கு வந்தது பூஜ்யம் என்று படைத்தவர்களே சொல்கிற இருப்புநிலைக் குறிப்பு!

2012இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டி உரிமையை யாரும் எழுதி வாங்கிக்கொள்ள முடியாதபடி செய்தார்கள். நல்ல சட்டம். ஆனால் சட்டம் கேட்கும் முதல் கேள்வி, "படைத்தவர் யார்?" தாளத்தைக் கண்டுபிடித்த பறைக்காரரோ, சாவு வீட்டில் மெட்டை வளர்த்த பெயர் தெரியாத கானாக்காரரோ இந்தக் கேள்விக்குள் வருவதே இல்லை. பெயர் எழுதப்படாதவனுக்கு ராயல்டி எங்கிருந்து வரும்?

"இசைக்கு ஏதுங்க சாதி?"

இந்தக் குழுவைப் பற்றிப் பேச்செடுத்தால் கேன்டீனில் இரண்டு கேள்விகள் கட்டாயம் வரும்.

முதல் கேள்வி, இசைக்கு சாதி ஏது, ஏன் இதில் போய் அரசியல்? கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பறை என்ற சொல்லே ஒரு சாதியின் பெயரோடு ஒட்டி, வசையாகப் பயன்பட்ட ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்பது கொஞ்சம் ஓவர். ஏழு ஸ்வரத்துக்கு சாதி இல்லை, சரி. மேடைக்கு இருக்கிறதே! யார் ஏறலாம், யார் ஏறக்கூடாது என்று அதற்கு நன்றாகத் தெரிகிறதே!

மேலூர் வட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதற்காக, தேர்தலில் ஜெயித்துத் தலைவரான முருகேசனையும் அவருடன் வந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். கொட்டாம்பட்டியிலிருந்து கூப்பிடு தூரத்தில் நடந்தது. ஒரு நாற்காலியில் யார் உட்காரலாம் என்பதற்காக அத்தனை உயிர் போன மண் இது. இங்கே மேடையில் யார் நிற்கிறார்கள் என்பது சின்ன விஷயமாக இருக்க முடியாது.

இரண்டாவது கேள்வி, இவர்கள் பாட்டில் பாதி கோஷம்தானே? இது நியாயமான கேள்வி. சில பாட்டுகள் நிஜமாகவே மீட்டிங் பேச்சுக்குத் தாளம் போட்ட மாதிரிதான் இருக்கின்றன. முதல் தடவை கேட்கும்போது ரத்தம் சூடாகும், பத்தாவது தடவை கேட்கத் தோன்றாது. கிண்டலும் கேலியுமாகக் கானா பேச விட்ட இடங்களில் குழு ஜெயித்திருக்கிறது. பாடம் நடத்த ஆரம்பித்த இடங்களில் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. இதை ஒத்துக்கொள்வதால் குழுவுக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

ஆனால் கோஷம் என்று தள்ளிவிடுகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். 2018இல், சபரிமலைத் தீர்ப்பு வந்த காலத்தில் இசைவாணி பாடிய ஐயப்பன் பாட்டு, 6 வருஷம் கழித்து 2024 நவம்பரில் திடீரென்று தோண்டி எடுக்கப்பட்டது. அவர் மேல் புகார்கள், மிரட்டல்கள். பாட்டு எழுதியது, மேடை போட்டது எல்லாம் ஒரு கூட்டம். அடி விழுந்தது பெரும்பாலும் ஒரு பெண்ணின் முகத்தில். லாபம் மட்டுமல்ல, நஷ்டமும் சமமாகப் பிரியவில்லை. வெறும் கோஷத்துக்கு இவ்வளவு கோபம் வருமா என்ன?

சரி, ஜெயித்ததா?

பார்வை எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் சுமார். ஆல்பம் கணக்கில் பார்த்தால் அதைவிடச் சுமார். ஆனால் 2020 டிசம்பரில் நீலம் தொடங்கிய "மார்கழியில் மக்களிசை"யை வைத்துப் பார்க்க வேண்டும். மார்கழி என்றால் சபா, சபா என்றால் கர்நாடக சங்கீதம் என்றிருந்த மாதத்தில் பறையும் கானாவும் ஒப்பாரியும் மேடை பிடித்தன. 2021இல் அந்த நிகழ்ச்சி சென்னையோடு நிற்காமல் மதுரைக்கும் கோவைக்கும் வந்தது. 19 பேரில் தொடங்கிய விஷயம் மற்ற கலைஞர்களுக்கும் மேடையாக மாறியது. ஒரு இசைக்குழுவுக்கு இதைவிடப் பெரிய வெற்றி வேண்டுமா?

2025இல் மதுரை அலங்காநல்லூரைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அதற்குக் காரணம் அவருடைய வாழ்நாள் உழைப்பு. காஸ்ட்லெஸ் கலெக்டிவுக்கு அதில் பங்கு கேட்க முடியாது. ஆனால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது தெரிகிறது. டில்லி மேடையில் பறைக்கு இடம் கிடைத்துவிட்டது. சென்னை மேடையில் கிடைத்துவிட்டது. மதுரை வரைக்கும் வந்துவிட்டது.

மதுரையிலிருந்து கொட்டாம்பட்டிக்கு நான்குவழிச் சாலையில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் அந்தத் தூரத்தைத்தான் இன்னும் கடக்கவில்லை. கோபேயின் இடிந்த தெருவுக்கு அந்த ஜப்பான்காரர்கள் நடந்துபோன மாதிரி, இந்த இசையும் ஒருநாள் மேலூரைத் தாண்டி வர வேண்டும். கிடாரோடு வந்தாலும் சரி, கிடார் இல்லாமல் வந்தாலும் சரி.

அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. அடுத்த வருஷத் திருவிழா நோட்டீஸ் அடிக்கும்போது ஒரு சின்ன வேலை செய்யலாம். நோட்டீஸில் நன்கொடை கொடுத்தவர் பெயர் இருக்கும், ஆர்க்கெஸ்ட்ரா பெயர் இருக்கும், பந்தல்காரர் பெயர், ரேடியோ செட்காரர் பெயர்கூட இருக்கும். கொட்டு அடிப்பவர்களுக்கு மட்டும் "மேளதாளங்கள் முழங்க" என்று ஒரு வரி. முழக்குவது யார்? தானாக முழங்குகிறதா?

அந்த வரிக்குக் கீழே நாலு பெயர் போடுங்கள். ராத்திரி கச்சேரியில் அரை மணி நேரம் அவர்களுக்கும் மேடை கொடுங்கள். கீபோர்டுக்காரருக்குக் கொடுக்கிற அதே சம்பளத்தையும் கொடுங்கள்.

நோட்டீஸில் நாலு வரி கூடும். பிரஸ்காரர் அதற்கு எக்ஸ்ட்ரா காசு கேட்க மாட்டார்.